சின்ன ஆபீஸ் நெட்வொர்க்ல பழைய ஐபி மாட்டிக்கிச்சா? வரிசையா பாத்து சரி பண்ண முழு வழிகாட்டி

நெட் ஓடுது, வாட்ஸ்அப் வெப் திறக்குது, ஆனா பிரிண்டர் மட்டும் ஆஃப்லைன். இல்லாட்டி டேலி திறந்தா சர்வர் கிடைக்கலங்குது, கேமரா டிவிஆர் (வீடியோ பதியிற பெட்டி) நேத்து வரைக்கும் தெரிஞ்சது இன்னைக்கு தெரியல. மண்டபம், தொண்டி பக்கம் மீன் கம்பெனி ஆபீஸ்ல இருந்து ராமேஸ்வரம் லாட்ஜ் ரிசப்ஷன் வரைக்கும் எனக்கு வர்ற போன்ல பெரும்பாலும் இந்தக் கதைதான், அதுலயும் கரண்ட் போய் வந்த மறுநாள் காலைல. கீழக்கரை டிராவல்ஸ்ல இருந்து ஒரு தம்பி "காக்கா (அண்ணே), டிக்கெட் புக் ஆகுது, பிரிண்ட் மட்டும் வரமாட்டேங்குது"ன்னாரு. அந்த ஒரு வரியிலயே பாதி விஷயம் வந்துருச்சு: இன்டர்நெட் நல்லா இருக்கு, உள்ளுக்குள்ள ஏதோ ஒரு பொருளோட ஐபி (நெட்வொர்க்ல அதோட முகவரி நம்பர்) மாறிருச்சு, மத்ததெல்லாம் இன்னும் பழைய ஐபியத்தான் தேடிக்கிட்டு இருக்கு.

புதுசா வேலைக்கு வர்ற பசங்க இங்க பண்றது ஒன்னே ஒன்னுதான், எல்லாத்தையும் ஆஃப் பண்ணி ஆன் பண்றது. சில நேரம் சரியாகிரும், அடுத்த வாரம் திரும்ப வரும், ஏன் வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. ஒரே ஐபி பல இடத்துல பதிஞ்சு கிடக்கும், ரவுட்டரோட லீஸ் பட்டியல் (எந்த ஐபியை யாருக்கு எவ்வளவு நேரத்துக்குக் குடுத்திருக்குங்கிற கணக்கு), பிரிண்டரோட செட்டிங், பிசியோட ஏஆர்பி டேபிள் (எந்த ஐபி எந்த மிஷினோடதுன்னு பிசி குறிச்சு வைக்கிறது), பிரிண்டர் போர்ட், டேலி பாத், இப்படி. எது புதுசு எது பழசுன்னு பாத்துட்டு, ரவுட்டர்ல ஆரம்பிச்சு வெளிய வரணும். கடைசியிலதான் பிசி. இந்த வரிசை மாறுனா பண்ணுன வேலையே திரும்பத் திரும்ப பண்ண வேண்டியிருக்கும்.

கமாண்ட் எல்லாம் போன்ல சொல்ற மாதிரி எழுதியிருக்கேன், அடிக்கும்போது இங்கிலீஷ்ல அடிச்சுக்குங்க.

0. கைல இருக்க வேண்டியது

ரவுட்டரோட அட்மின் பாஸ்வேர்ட். வைஃபை பாஸ்வேர்ட் வேற, இது வேற, பல ஆபீஸ்ல இது யார்கிட்டயும் இருக்காது, கேபிள் போட வந்தவரு எடுத்துட்டுப் போயிருப்பாரு. முதல்ல அதை வாங்குங்க. பாஸ்வேர்ட் இல்லன்னு ரவுட்டரை ரீசெட் பின் போட்டு அமுக்கிராதீங்க, ஃபைபர் இணைப்புக்கான யூசர் நேம் செட்டிங்கும் சேர்ந்து அழிஞ்சுட்டா அப்புறம் இன்டர்நெட்டும் போச்சு.

அப்புறம் ஒரு பிசியில அட்மினிஸ்ட்ரேட்டரா ரன் பண்ற உரிமை, ஒரு சின்ன லேன் கேபிள், ஒரு நோட்டு. வைஃபைல இருந்துக்கிட்டு ரவுட்டர் செட்டிங்கை மாத்தாதீங்க, நடுவுல வைஃபை அறுந்தா பாதி மாத்துன நிலைல நிக்கும். கேபிள்ல இருந்து பண்ணுங்க.

அந்த கேபிளை மாட்டும்போதே அதோட முனையில உள்ள ஆர்ஜே45 பின்னையும் ஒரு தடவை டார்ச் அடிச்சுப் பாருங்க. பாம்பன், மண்டபம் பக்கம் உப்புக்காத்து அடிக்கிற இடத்துல பின் பச்சை பூத்துப் போயிருக்கும், லிங்க் விட்டு விட்டு வரும். அது பாக்க அப்படியே ஐபி பிரச்சனை மாதிரியே இருக்கும், ஆனா எத்தனை கமாண்ட் அடிச்சாலும் தீராது. பின்னை வெட்டி புதுசா கிரிம்ப் பண்ணிட்டு அப்புறம் மேல போங்க.

1. எதையும் ஆஃப் பண்ணாம முதல்ல எழுதுங்க

கெட்டுப்போன நிலைலதான் தடயம் இருக்கு. ரவுட்டரை ஆஃப் பண்ணுன உடனே சாதாரண ரவுட்டர் பலதுல லீஸ் பட்டியல் அழிஞ்சுரும், ஏன்னா அது மெமரியில மட்டும்தான் இருக்கு. பட்டியல் போயிருச்சுன்னா எந்த ஐபி யார்கிட்ட இருந்துச்சுன்னு கண்டுபிடிக்கிறது கஷ்டம்.

ரவுட்டர் பேஜ்ல (பிரவுசர்ல ரவுட்டரோட ஐபியை அடிச்சா வர்றது) டிஎச்சிபி கிளையண்ட் லிஸ்ட் இருக்கும், டிஎச்சிபின்னா ரவுட்டர் தானா ஐபி குடுக்குற முறை, அதை போன்ல படம் புடிச்சுக்கோங்க. பிரிண்டர்ல நெட்வொர்க் கான்ஃபிகரேஷன் பேஜ் ஒன்னு பிரிண்ட் எடுங்க, அந்தப் பேப்பர்ல பிரிண்டரோட இப்போதைய ஐபி, மேக் அட்ரஸ் (பொருளோட ஹார்டுவேர் நம்பர்), ஐபி தானா வாங்குதா கையால போட்டதா எல்லாமே வந்துரும். டிவிஆர்ல மெனுவுக்குப் போய் நெட்வொர்க் பக்கத்தைப் பாத்து எழுதிக்குங்க.

பாதி நேரம் இந்தப் பேப்பரைப் பாத்தாலே விடை கிடைச்சுரும். பிசி 192.168.1.20ஐ தேடுது, பிரிண்டர் பேப்பர்ல 192.168.1.34ன்னு இருக்கு. அவ்வளவுதான், ஐபி மாறிருச்சு. அப்பவும் உடனே பிசியில 34ன்னு மாத்திட்டுப் போயிராதீங்க, அடுத்த கரண்ட் கட்டுல அது 41 ஆகும்.

2. பிசி என்ன ஐபில நிக்குதுன்னு பாருங்க

கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து ஐபிகான்ஃபிக் ஸ்பேஸ் ஸ்லாஷ் ஆல். நிறைய வரி வரும், பயப்பட வேண்டாம், நீங்க பாக்க வேண்டியது ஐபிவி4 அட்ரஸ், டிஃபால்ட் கேட்வே (ரவுட்டரோட ஐபி), டிஎச்சிபி எனேபிள்டு, டிஎச்சிபி சர்வர், லீஸ் எப்ப வாங்குனதுங்கிற வரி. கேபிள், வைஃபை ரெண்டுக்கும் தனித்தனியா வரும், எது இப்ப ஓடுதோ அதுக்குக் கீழ உள்ளதைப் பாருங்க.

169.254ன்னு ஆரம்பிச்சா பிசிக்கு ரவுட்டர்கிட்ட இருந்து பதிலே வரலன்னு அர்த்தம், விண்டோஸ் தானா ஒரு ஐபி போட்டுக்கிச்சு. கரண்ட் வந்ததும் பிசி ரவுட்டர் ரெண்டும் ஒன்னா ஆன் ஆகும், எஸ்எஸ்டி போட்ட பிசி சீக்கிரம் எழுந்துரும், ரவுட்டர் எழ ரெண்டு மூனு நிமிஷம் ஆகும், அந்த இடைவெளியில நடக்குறது இது. கொஞ்ச நேரத்துல தானா சரியாகலன்னா கேபிளையும் ஸ்விட்சையும் (லேன் கேபிள்களை ஒன்னா சேர்க்கிற பெட்டி) பாருங்க.

டிஎச்சிபி எனேபிள்டு நோன்னு இருந்தா யாரோ கையால ஐபி போட்டிருக்காங்க. ஃபைபர் கனெக்ஷன் மாத்துன ஆபீஸ்ல இது அடிக்கடி இருக்கும், பழைய மோடம் 192.168.1.1, புது மோடம் 192.168.29.1, கையால போட்ட பிசி மட்டும் பழைய தெருவுலயே, அதாவது 192.168.1லயே, நிக்கும். லீஸ் வாங்குன தேதி கரண்ட் வந்த நேரத்தோட ஒத்துப்போகுதான்னும் பாத்துக்குங்க, எப்ப ஆரம்பிச்சதுன்னு அதுலயே தெரியும்.

3. பிங் பண்ணுங்க, ஆனா ரிப்ளைங்கிற வார்த்தையை மட்டும் நம்பாதீங்க

பிங்னா அந்த ஐபில ஆள் இருக்கானான்னு கூப்பிட்டுப் பாக்குறது, பிங் ஸ்பேஸ் போட்டு ஐபியை அடிக்கணும். முதல்ல கேட்வேக்கு பிங், அப்புறம் பிரிண்டருக்கோ சர்வருக்கோ பிங்.

நான் பாத்ததுல புதுசா வர்றவங்க அதிகமா ஏமாறுற இடம் இதுதான். ரிப்ளை ஃப்ரம் அப்டின்னு வரும், கூடவே டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்ன்னு இருக்கும், அதைப் படிக்காம "அண்ணே பிங் போகுதுண்ணே"ம்பாங்க. ரிப்ளை ஃப்ரம் பக்கத்துல எந்த ஐபி இருக்குன்னு பாருங்க, அது உங்க பிசியோட சொந்த ஐபியா இருக்கும். அந்த அட்ரஸ்ல யாரும் இல்லன்னு உங்க பிசியே உங்ககிட்ட சொல்லுது. கீழ கணக்குல ரிசீவ்டு நாலு, லாஸ் பூஜ்யம்னு வேற காட்டும், அதையும் நம்பக்கூடாது. பைட்ஸ், டைம், டிடிஎல் மூனும் இருந்தாதான் அது உண்மையான பதில்.

இதுக்கு நேர்மாறாவும் நடக்கும். சர்வர் பிசி நல்லாத்தான் ஓடும், பிங் மட்டும் டைம் அவுட் ஆகும், ஏன்னா விண்டோஸ் ஃபயர்வால் பிங்கைத் தடுக்குது. ரவுட்டர் மாத்துனா விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க்னு நினைச்சு பப்ளிக்ல போட்டுரும், உடனே ஷேரிங்கும் பிங்கும் நின்னுரும். அதனால பிங் பண்ணுன கையோட ஏஆர்பி ஸ்பேஸ் ஹைஃபன் ஏ அடிங்க. அந்த ஐபிக்கு நேரா மேக் அட்ரஸ் இருந்தா ஆள் இருக்கான், கதவைத்தான் திறக்கல. அப்ப ஐபியை விட்டுட்டு நெட்வொர்க்கை ப்ரைவேட்டா மாத்துங்க, வேலை முடிஞ்சுது.

4. அந்த ஐபில இப்ப உக்காந்திருக்கிறது யாரு?

பிங் போகுது, ஆனா பிரிண்ட் வரலன்னா இந்தப் படிக்கு வாங்க. பிரிண்டரோட பவர் ஒயரை உருவுங்க. திரும்ப அதே ஐபிக்கு பிங் பண்ணுங்க. இன்னும் பதில் வந்தா அங்க இருக்கிறது பிரிண்டர் இல்ல, வேற யாரோ.

ஏஆர்பி டேபிள்ல தெரியிற மேக் அட்ரஸை பிரிண்டர் பேப்பர்ல உள்ள மேக்கோட ஒத்துப் பாருங்க. ஒத்துப்போகலன்னா, முதல் ஆறு எழுத்தை வச்சு எந்தக் கம்பெனி பொருள்னு தேடிப் பாத்துக்கலாம். அந்த ஆறுல ரெண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ இதுல ஒன்னா இருந்தா அது பெரும்பாலும் போன், ரேண்டம் மேக் (தானா உண்டாக்கிக்கிட்ட போலி நம்பர்) போட்டுக்கிட்டு வந்திருக்கு, கம்பெனி பேரு கிடைக்காது.

ஏன் இப்படி ரெண்டு பேருக்கு ஒரே ஐபி வருதுன்னா, பிரிண்டர்ல 192.168.1.105ன்னு கையால போட்டிருப்பாங்க, ரவுட்டர் 100ல இருந்து 199 வரைக்கும் தானா குடுக்கும். பிரிண்டர் ராத்திரி ஆஃப்ல இருக்கும்போது ரவுட்டர் 105 காலியா இருக்குன்னு நினைச்சு யாரோ ஒருத்தர் போனுக்கு குடுத்துரும். காலைல பிரிண்டர் ஆன் ஆகும், சண்டை ஆரம்பிக்கும். போன்காரர் சாப்பாட்டுக்குப் போனா பிரிண்டர் ஓடும், வந்தா நின்னுரும். இது புரியாம பிரிண்டரையே மாத்துன ஆபீஸ் இருக்கு.

5. ரெண்டாவது ரவுட்டர் ஒளிஞ்சிருக்கான்னு தேடுங்க

இதை 6ஆவது படிக்கு முன்னாடியே பண்ணணும், ஏன்னா ரெண்டு பேரு ஐபி குடுத்துக்கிட்டு இருந்தா நீங்க ஒரு ரவுட்டர்ல என்ன மாத்துனாலும் பிரயோஜனம் இல்ல.

ரெண்டு மூனு பிசியில ஐபிகான்ஃபிக் ஸ்லாஷ் ஆல் அடிச்சு டிஎச்சிபி சர்வர் வரியை மட்டும் ஒத்துப் பாருங்க, எல்லாத்துலயும் ஒரே ஐபி இருக்கணும். சந்தேகம் இருந்தா மெயின் ரவுட்டர்ல இருந்து ஸ்விட்சுக்குப் போற கேபிளை உருவிட்டு ஒரு பிசியில ரிலீஸ், ரினியூ (ஐபியை விட்டுட்டுப் புதுசா கேக்குறது, கமாண்ட் 8ஆவது படியில இருக்கு) பண்ணுங்க. 169.254 வரணும். வேற ஐபி வந்தா இன்னொருத்தன் உள்ள இருக்கான், அவன் ஐபிதான் டிஎச்சிபி சர்வர் வரியில இருக்கும்.

பெரும்பாலும் அது மாடியில சிக்னல் வரலன்னு யாரோ வீட்டுல இருந்து கொண்டு வந்து மாட்டுன பழைய ரவுட்டர். தூக்கிப் போட வேண்டியதில்ல. அதுல டிஎச்சிபியை ஆஃப் பண்ணுங்க, அதோட லேன் ஐபியை 192.168.1.2ன்னு மாத்துங்க (அதுவும் 192.168.1.1ஆ இருந்தா மெயின் ரவுட்டரோடயே மோதும்), கேபிளை வேன் போர்ட்ல (இன்டர்நெட் கேபிள் மாட்டுற துளை) போடாம லேன் போர்ட்ல போடுங்க. முதல்ல லேன் ஐபியை மாத்துனா பேஜ் அறுந்துரும், புது ஐபி அடிச்சு திரும்ப உள்ள போய் டிஎச்சிபியை ஆஃப் பண்ணணும், இந்த ரெண்டாவதை மறந்துட்டுப் போறவங்கதான் அதிகம். அதனால டிஎச்சிபியை முதல்ல ஆஃப் பண்ணிருங்க.

6. இப்ப ரவுட்டர்ல நிரந்தரமா சரி பண்ணுங்க

ஒரு சின்ன ஆபீஸுக்கு நான் பிரிக்கிற விதம்: 192.168.1.2ல இருந்து 49 வரைக்கும் கையால போடுறதுக்கு, 100ல இருந்து 199 வரைக்கும் ரவுட்டர் தானா குடுக்குறதுக்கு. நடுவுல உள்ளது சும்மா கிடக்கட்டும். இந்த ரெண்டும் ஒன்னு மேல ஒன்னு ஏறக்கூடாது, 4ஆவது படியில சொன்ன சண்டை வர்றதே அதனாலதான்.

பிரிண்டர், சர்வர் பிசி, டிவிஆர், பயோமெட்ரிக் மிஷின், இதுக்கெல்லாம் ஐபி மாறவே கூடாது. ரெண்டு வழி இருக்கு, பொருள்லயே கையால போடலாம், இல்ல ரவுட்டர்ல அட்ரஸ் ரிசர்வேஷன்ல மேக் அட்ரஸை ஐபியோட கட்டிரலாம். என்னைக் கேட்டா பிரிண்டருக்கும் பிசிக்கும் ரிசர்வேஷன்தான். எல்லாம் ஒரே இடத்துல இருக்கும், அடுத்து வர்றவனுக்கும் ஒரே பக்கத்துல தெரியும், நாளைக்கு மோடம் மாறி தெரு 192.168.29 ஆனாலும் பொருளைத் தொடாம ரவுட்டர்ல மட்டும் மாத்துனா போதும். டிவிஆருக்கு மட்டும் கையால போடுவேன், ரவுட்டர் எழுறதுக்கு முன்னாடியே ஆன் ஆகி ஐபி இல்லாம நின்னுரக்கூடாதுன்னு.

சில ரவுட்டர் பூலுக்கு (தானா குடுக்குற 100ல இருந்து 199 வரைக்கும்) உள்ள இருக்கிற ஐபியைத்தான் ரிசர்வ் பண்ண விடும், வெளிய குடுத்தா எரர் வரும். அப்ப பூலோட கடைசியில, 180ல இருந்து, குடுத்துக்கோங்க. ரிசர்வ் ஆனதை அது வேற யாருக்கும் குடுக்காது.

லேப்டாப்புக்கு ரிசர்வ் பண்றதா இருந்தா வைஃபை மேக் வேற, கேபிள் மேக் வேறங்கிறதை மறந்துராதீங்க. விண்டோஸ்ல ரேண்டம் ஹார்டுவேர் அட்ரஸ் ஆஃப்ல இருக்கணும். ஆண்ட்ராய்டு 10ல இருந்தும் ஐபோன் ஐஓஎஸ் 14ல இருந்தும் ரேண்டம் மேக்தான் வழக்கமா வரும், பில்லிங்குக்கு டேப் வச்சிருந்தா அந்த நெட்வொர்க்குக்கு மட்டும் டிவைஸ் மேக்னு மாத்திட்டு அப்புறம் ரிசர்வ் பண்ணுங்க.

சேவ் பண்ணிட்டு ரவுட்டரை ரீஸ்டார்ட் பண்ணுங்க. இப்பத்தான் ரீஸ்டார்ட், முதல்லயே இல்ல.

7. அப்புறம் பொருளை எழுப்புங்க

பிரிண்டர் பேனல்ல நெட்வொர்க்குக்குப் போய் ஐபி ஆட்டோன்னு வைங்க. கையால போட்ட பழைய ஐபி அதுலயே இருந்தா ரவுட்டர்ல நீங்க பண்ணுன ரிசர்வேஷனை அது கேக்கவே கேக்காது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, திரும்ப கான்ஃபிகரேஷன் பேஜ் எடுங்க, நீங்க கட்டுன ஐபி வந்திருக்கணும். வரலன்னா மேக் அட்ரஸ்ல ஒரு எழுத்து தப்பா அடிச்சிருப்பீங்க, பூஜ்யத்துக்கு ஓ, எட்டுக்கு பி, இதுதான் வழக்கம். இங்க ஐபி சரியா வராம பிசிக்குப் போகாதீங்க.

8. கடைசியா பிசி

கமாண்ட் ப்ராம்ப்ட்டை ரைட் கிளிக் பண்ணி அட்மினிஸ்ட்ரேட்டரா திறங்க, சாதாரணமா திறந்தா எலிவேஷன் வேணும்னு சொல்லி விட்டுரும். வரிசை: ஐபிகான்ஃபிக் ஸ்லாஷ் ரிலீஸ், ஐபிகான்ஃபிக் ஸ்லாஷ் ரினியூ, ஏஆர்பி ஸ்பேஸ் ஹைஃபன் டி ஸ்பேஸ் ஸ்டார், ஐபிகான்ஃபிக் ஸ்லாஷ் ஃப்ளஷ்டிஎன்எஸ்.

முதல் ரெண்டும் பிசியோட சொந்த ஐபிக்கு. மூனாவது, பக்கத்து மிஷினோட பழைய மேக்கை மறக்க வைக்க. நாலாவது, சர்வரோட பேரை வச்சுத் தேடும்போது பேருக்கு நேரா பதிஞ்ச பழைய ஐபியை அழிக்க. வெறும் ஃப்ளஷ்டிஎன்எஸ் மட்டும் அடிச்சுட்டு சரியாகலன்னு சொல்றவங்களுக்கு: நீங்க பிரிண்டரை ஐபி போட்டுத் தேடுனா டிஎன்எஸ்ஸுக்கு (பேரை ஐபியா மாத்திக் குடுக்குறது) அங்க வேலையே இல்ல.

ஒரு விஷயம் கண்டிப்பா. எனிடெஸ்க் மாதிரி ரிமோட்ல இருந்துக்கிட்டு ரிலீஸ் மட்டும் அடிச்சா அந்த நிமிஷமே கனெக்ஷன் போயிரும், ரினியூ அடிக்க ஆள் இல்ல, வண்டி எடுத்துக்கிட்டு நேர்லதான் போகணும். ரெண்டு கமாண்டையும் நடுவுல & குறி போட்டு ஒரே வரியில அடிங்க.

கையால ஐபி போட்ட பிசியில ரிலீஸ் ரினியூ வேலை செய்யாது. ரன்ல என்சிபிஏ டாட் சிபிஎல் அடிச்சு, அடாப்டர் ப்ராப்பர்ட்டீஸ்ல ஐபிவி4 போய் ஐபியை ஆட்டோ ஆக்குங்க, டிஎன்எஸ்ஸையும் சேர்த்து.

9. பிசிக்குள்ள எழுதி வச்ச பழைய ஐபிகளைத் தேடுங்க

ரிலீஸ் ரினியூ இதைத் தொடாது. முதல்ல பிரிண்டர் போர்ட். விண்டோஸ் 10 வரைக்கும் டிவைசஸ் அண்ட் பிரிண்டர்ஸ்ல பிரிண்டரை ரைட் கிளிக் பண்ணுனா ப்ராப்பர்ட்டீஸ்னு ரெண்டு இருக்கும், விண்டோஸ் 11னா செட்டிங்ஸ்ல பிரிண்டரைத் திறந்தா இருக்கும், பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ்ங்கிறதைத் திறங்க, அதுலதான் போர்ட்ஸ் டேப் இருக்கு. டிக் விழுந்த போர்ட்ல கான்ஃபிகர் போர்ட் போய் ஐபியைப் பாருங்க. போர்ட்டோட பேரு பழைய ஐபியாவே இருக்கும், அதைப் பாத்துக் குழம்பாதீங்க, உள்ள இருக்கிற ஐபிதான் கணக்கு. ஆனா அடுத்தவனைக் குழப்ப வேணாம்னா ஆட் போர்ட்ல புது ஸ்டாண்டர்ட் டிசிபி ஐபி போர்ட் ஒன்னு போட்டு பழசை அழிச்சுருங்க. டபிள்யூஎஸ்டின்னு போர்ட் இருந்தாலும் இதையே பண்ணுங்க, அது தானா தேடுறது, தேடுற அன்னைக்கு கிடைக்கும், தேடாத அன்னைக்கு ஆஃப்லைன். ஐபி சரியா இருந்தும் ஆஃப்லைன்னே காட்டுனா கான்ஃபிகர் போர்ட் பக்கத்துல எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்டு டிக்கை எடுத்துப் பாருங்க.

அப்புறம் டேலி. டேட்டா பாத்ல 192.168.1.10ன்னு ஐபி போட்டிருப்பாங்க, லைசென்ஸ் சர்வர் வரியிலயும் ஐபியோட 9999ன்னு போர்ட் இருக்கும். ரெண்டையும் பாக்கணும், டேட்டா பாத்தை மட்டும் மாத்திட்டு எஜுகேஷனல் மோட்ல திறக்குதுன்னு போன் பண்ணுவாங்க. மேப் பண்ணுன நெட்வொர்க் டிரைவ், டெஸ்க்டாப் ஷார்ட்கட், ஹோஸ்ட்ஸ் ஃபைல் (சி டிரைவ், விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி) இதையும் ஒரு பார்வை பாத்துருங்க.

எல்லாரும் விடுறது ஸ்கேன். ஸ்கேன் டு ஃபோல்டர்ல பிரிண்டர்தான் பிசியைத் தேடிப் போகும், அதனால பிரிண்டரோட அட்ரஸ் புக்ல பிசியோட பழைய ஐபி இருக்கும். பிரிண்ட் வருது ஸ்கேன் மட்டும் வரலன்னா நேரா அங்க போங்க, அந்தப் பிசிக்கும் ஒரு ரிசர்வேஷன் போடுங்க.

10. லாட்ஜ் வச்சிருக்கவங்களுக்கு

ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு ராமேஸ்வரத்துல கூட்டம் தெரியும்ல. அன்னைக்கு ரிசப்ஷன் பிசிக்கே ஐபி கிடைக்காது, 169.254ல நிக்கும். கணக்கு லேசு: பூல்ல 100 ஐபி, லீஸ் 24 மணி நேரம், காலைல தீர்த்தமாடிட்டு ரூம் காலி பண்ணிட்டுப் போனவங்க போனுக்கு குடுத்த ஐபி எல்லாம் மறுநாள் வரைக்கும் அவங்க பேர்லயே கிடக்கு. ரவுட்டருக்கு அவங்க போனது தெரியாது.

கெஸ்ட் வைஃபைக்கு லீஸை 2 மணி நேரமாக் குறைங்க. பாதி லீஸ் நேரம் ஆனதும் போன் தானா கேட்டுப் புதுப்பிச்சுக்கும், அதனால இருக்கிறவங்களுக்கு நெட் அறாது, போனவங்க ஐபி மட்டும் திரும்ப வந்துரும். ரவுட்டர்ல கெஸ்ட் நெட்வொர்க்குக்குத் தனி பூல் போட வசதி இருந்தா ஆபீஸ் பிசி, பில்லிங் பிரிண்டர் எதுவும் அந்தப் பக்கமே இருக்கக்கூடாது. ஆபீஸ் பக்கம் 24 மணி நேரம் அப்படியே இருக்கட்டும்.

11. கரண்ட் மெயினை ஆஃப் பண்ணிப் பாத்துட்டுக் கிளம்புங்க

சரி பண்ணுன உடனே பிரிண்ட் வந்துருச்சுன்னு கிளம்பக்கூடாது. பிரச்சனையைக் கொண்டு வந்ததே கரண்ட் கட்டுன்னா அதை நீங்களே ஒரு தடவை பண்ணிப் பாக்கணும். எல்லாரையும் டேலியை மூடச் சொல்லி, சர்வர் பிசியை முறையா ஷட்டவுன் பண்ணிட்டு, மெயினை ஆஃப் பண்ணி ஒரு நிமிஷம் கழிச்சுப் போடுங்க. எல்லாம் எழுந்ததும் பிரிண்டர் பேப்பர், டிவிஆர் ஐபி, பிசியோட டிஎச்சிபி சர்வர் வரி மூனையும் நோட்டோட ஒத்துப் பாருங்க.

பிசி திரும்பவும் 169.254ல எழுந்தா ரவுட்டருக்கும் ஸ்விட்சுக்கும் ஒரு மினி யூபிஎஸ் போடச் சொல்லுங்க. வாங்குறதுக்கு முன்னாடி அடாப்டர்ல எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர்னு படிச்சுக்கோங்க, ரவுட்டர் பலதும் 12 வோல்ட், சின்ன ஸ்விட்ச் சிலது 5 வோல்ட்டா இருக்கும், மாத்தி சொருகுனா எரிஞ்சு போகலாம். ஒவ்வொரு பொருள் மேலயும் அதோட ஐபியும் மேக்கும் எழுதி ஒட்டுங்க, அதையே ரவுட்டர் பாஸ்வேர்டோட ஒரு பேப்பர்ல எழுதி ஓனர்கிட்ட குடுத்து பீரோல வைக்கச் சொல்லுங்க.